வெள்ளைக் கூடாரத்தில் ஒரு பிறந்தநாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் தொடங்கிய கதை இது. என் கணவர், செனாய் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டியவர். கணையத்தில் புற்றுநோய். இனி வைத்தியம் பலன் தராது, வலி தெரியாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், நர்ஸ் வீட்டுக்கே வருவார் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கைகழுவி விட்டார்கள் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வார்டு வாசலில் வைத்தே டாக்டரிடம் சண்டை போட்டேன்.

என் கணவரோ கட்டிலில் உட்கார்ந்து சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போலாம் வா. இன்னும் மூணு வாரத்துல எனக்கு அறுபது. வாசல்ல கூடாரம் போட்டு எல்லாருக்கும் மட்டன் சோறு போடணும். நான் உக்காந்து பாக்கணும்."

அதைத் தவிர அவர் வேறெதையும் கேட்கவில்லை.

உலு திராமில் எங்கள் வீட்டு ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து இறங்கியது. குளுவாங்கிலிருந்து வந்த என் நாத்தனார் அதைப் பார்த்ததும், "ஊசி மருந்து இருக்கிற இடத்த விட்டுட்டு வீட்டுக்குக் கொண்டாந்து கொல்லப் போறியா?" என்று கேட்டுவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. மனதுக்குள் மட்டும் அவர் சொன்னது சரிதானோ என்று அரித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்த ஐந்தாவது நாள் என் கணவரால் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அன்று காலை வந்த நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், முப்பது வயதுகூட இருக்காது, மார்பின் என்ற வலி மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, இந்நேரம் பாதி பாட்டில் முடிஞ்சிருக்கணுமே. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ குடுக்கிறீங்களா?"

"குடுக்கிறேன் லா" என்றேன். பச்சைப் பொய். அவர் தாங்க முடியாமல் முனகும்போது மட்டும், அதுவும் சொன்ன அளவில் பாதிதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். போதைப்பொருள் என்றால் இந்த நாட்டில் தூக்கு என்று கேட்டே வளர்ந்தவள் நான். என் கையாலேயே அவரைப் பழக்கிவிடக் கூடாது, மயக்கத்திலேயே அனுப்பிவிடவும் கூடாது என்று பயம். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பி, "ஐயா, வலிக்குதுன்னு நீங்களாவது கேட்டிருக்கலாமே" என்றார்.

"பாட்டிலத் தொட்டாலே அவளுக்குக் கை நடுங்குது மிஸ்ஸி. அதான் கேக்கல" என்றார் இவர்.

முப்பத்திரண்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள், அந்த நிமிடத்தில் கூனிக் குறுகிப் போனேன். என் பயத்துக்காக அந்த மனுஷன் ஐந்து நாள் வலியைத் தின்றிருக்கிறார்.

மிஸ்ஸி என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். "வலி ஏறின பிறகு குடுத்தா, அது பின்னாலயே நாம ஓடணும் அக்கா. நேரத்துக்குக் குடுங்க, வலி ஏறாது. நாங்க சொன்ன அளவுல குடுத்தா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, என் கைப்பேசியில் நாலு மணிக்கொரு அலாரமும் வைத்துக் கொடுத்தார்.

அலாரப்படி மருந்து கொடுத்த முதல் நாள் அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். அலறியடித்து மிஸ்ஸிக்கு ஃபோன் செய்தேன். விட்ட தூக்கத்தைப் பிடிக்கிறார், எழுப்பினால் கண் திறக்கிறார் அல்லவா, பயப்படாதீர்கள் என்றார். மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, "கோப்பி இருக்கா? தாடி வேற அரிக்குது" என்றார். நான் கோப்பி கலக்கினேனா, அழுதேனா என்று இப்போது நினைவில்லை.

பிறந்தநாளும் வந்தது. பத்துக் குடும்பங்களுக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தேன். கோபத்தில் நாத்தனாருக்குச் சொல்லவே இல்லை. கலர் கூடாரம் கேட்டிருந்தேன். கடைக்காரர் முதல் நாள் சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தியது வெள்ளைக் கூடாரம். கலரெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டதாம்.

நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் வெள்ளைக் கூடாரம் நின்றால் எங்கள் தாமான் குடியிருப்பில் என்ன நினைப்பார்கள்? எங்கள் பக்கம் வெள்ளைக் கூடாரம் சாவு வீட்டுக்குத்தான். காலை நடைக்குப் போன யாரோ பார்த்துவிட்டு வாட்சப்பில் செய்தி போட்டுவிட்டார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் வெளிர் நிறச் சட்டையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ் ஓட்டும் சிநேகிதர்கள் பெரிய ரோஜா மாலையோடு வந்து நின்றார்கள். குளுவாங்கிலிருந்து காரில் வந்து இறங்கிய நாத்தனார், கேட்டிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, "போயிட்டியா தம்பி" என்று ஆரம்பித்தார்.

எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று வாசலுக்கு ஓடினேன். அதற்குள் என் மகன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அதில் புதுச் சட்டையும் மழித்த முகமுமாக அவர்.

"யாருக்குக்கா அழுவுற? உள்ள வா, கோப்பி குடி" என்றார் அக்காவிடம்.

மாலை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"அத ஏன் ஒளிக்கிற? இங்க கொண்டா. கண்ணு தெறந்திருக்கும்போது மாலை வாங்குற அதிர்ஷ்டம் எத்தன பேருக்கு இருக்கு?"

கழுத்தை நீட்டினார். சிநேகிதர் மாலையைப் போட்டார். பிறகு பாருங்கள், அழ வந்த கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. மட்டன் பற்றவில்லை. நாத்தனாரே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று சட்டி சாம்பார் வைத்தார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டி, "தப்பாப் பேசிட்டேன் ஆயி" என்றார். நானும்தான் அக்கா என்றேன். என் கணவர் அத்தனை பேரையும் பார்த்தபடி உட்கார்ந்து இரண்டு வாய் மட்டன் சோறு சாப்பிட்டார். யார் தட்டிலாவது சோறு குறைந்தால் மகனைக் கூப்பிட்டுக் கைகாட்டினார்.

அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். ஒரு மழை நாள் காலையில், என் கை அவர் கைமேல் இருக்க, முகம் சுளிக்காமல் போனார். நோயை நாங்கள் ஜெயிக்கவில்லைதான், ஆனால் அந்த ஏழு வாரத்தில் ஒரு நாளைக்கூட அதற்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இன்றைக்கும் யாரிடமும் தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன்.