விட்டதைப் பிடிக்கிற கேள்வி

தங்கப்பொண்ணுவுக்குச் சீட்டாடத் தெரியாது. ஆடுதன் எது, டைமன் எது என்று கடைசிவரை குழப்பம்தான். அப்படிப்பட்டவர்தான் காளவாசலில் ஒரு மனநல மருத்துவமனையின் மாடியறையில் உட்கார்ந்து, வருகிறவர்களில் யார் சூதில் சிக்கியவர், யார் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர் என்று சலித்துப் பிரிக்கிற வேலையைப் பார்த்தார். கதவில் ‘கவுன்சிலர்’ என்று எழுதியிருந்ததால், தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று புகார் சொல்ல வந்தவர்களும் உண்டு. அவர்களையும் உட்காரவைத்துப் பேசித்தான் அனுப்புவார்.

வேலைக்கென்று ஒரு கேள்வித்தாள் இருந்தது. ‘கடந்த ஓராண்டில், இழந்த தொகையை மீட்கும் பொருட்டு மீண்டும் சூதாட முற்பட்டதுண்டா?’ இதை அவர் வாசித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எல்லோரும் இல்லை என்றார்கள். போனில் ரம்மி ஆடினால் அது ‘கேம்’. கிரிக்கெட்டில் பணம் கட்டினால் ‘டீம் போடுறது’. சூதாட்டம் என்றால் பாஞ்சாலியை வைத்து ஆடுவது. அந்தப் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. தாளின்படி மதுரையில் சூதாடுகிறவரே கிடையாது.

எப்போதும் பூஜ்யமே காட்டுகிற மீட்டரை நம்பக் கூடாது. தங்கப்பொண்ணு நம்பவில்லை. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். காது எப்போதும் முன் சீட்டில்தான் இருக்கும். ஒருநாள் அங்கே ஒருவன் போனைப் பார்த்தபடி கூட்டாளியிடம் சொன்னான்: “விட்டதப் பிடிக்காம விட மாட்டேன் மாப்ள.”

இதுதான் அந்தக் கேள்வி என்று அவருக்குப் பட்டது. அன்று முதல் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பேச்சுவாக்கில் இதைக் கேட்டார். ஆட்கள் மடை திறந்த மாதிரி பேசினார்கள். அதற்குப் பிறகு தாளில் உள்ள கேள்விகளுக்கும் உண்மையான பதில் வந்தது. தங்கப்பொண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. கணவர் பால்பாண்டி வீட்டில் கார் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடினால்கூட, “விட்டதப் பிடிக்கணும்னு தோணுதா?” என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பெருமையை உடைக்கத்தான் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து பேயாண்டி வந்தார். தூக்கம் வரவில்லை என்று மட்டும் டாக்டரிடம் சொல்லியிருந்தார். கூட வந்த மனைவி அன்னக்கொடி, மாடிப்படியிலேயே தங்கப்பொண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், வர்ற வெள்ளிக்கெழம மாட்ட விக்கப் போறாரு. கன்னுக்குட்டியில இருந்து என் கையில வளந்தது. ஏன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு. எந்நேரமும் போனுதேன். நீங்களாச்சும் கேளுங்க.”

தங்கப்பொண்ணுவுக்குப் பாதி புரிந்துவிட்டது. இருவரையும் உட்காரவைத்தார்.

“அண்ணே, சும்மாதான் கேக்குறேன். விட்டதப் பிடிக்கணும்னு தோணுமா?”

பேயாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் எதுக்கு மேடம் பிடிக்கணும்? நான் விடுறவன். பிடிக்கிறதுக்கு வேற பயலுக இருக்காய்ங்க.”

கூட்டாகச் சேர்ந்து ஆடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தார் தங்கப்பொண்ணு. “எம்புட்டு விட்டீக?”

“வருசத்துக்கு ஒண்ணுதேன்.”

“விட்டது திரும்பி வந்துச்சா?”

“போன வருசம் வரல. கம்மாய்க்குள்ள போயி நின்னுக்கிருச்சு. மறுநாள் நானே போயித்தேன் பிடிச்சாந்தேன்.”

“அப்பப் பிடிச்சிருக்கீகல்ல!” தங்கப்பொண்ணு பேனாவை எடுத்துவிட்டார்.

அன்னக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “மேடம், அவரு சல்லிக்கட்டு மாட்டச் சொல்றாரு.”

தங்கப்பொண்ணுவின் சிரிப்பு கீழ்த்தளம்வரை கேட்கும். டாக்டர் பலமுறை கண்டித்தும் அது குறைந்ததில்லை. பேயாண்டியும் சேர்ந்து சிரித்தார். “அப்ப நீங்க எதக் கேட்டீக?”

“போனுல விட்டதக் கேட்டேண்ணே.”

பேயாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார். பிறகு மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: “ரம்மிதேன். அதப் பிடிக்கத்தேன் மாட்ட விக்கிறேன்.”

அன்னக்கொடி தங்கப்பொண்ணுவின் பக்கம் திரும்பிக்கொண்டார். “தாயத்துல ஒருதரம்கூட என்னய செயிச்சதில்ல மேடம், இந்த மனுசன். இவரு மொகந்தெரியாத ஆளுககூட ரம்மி ஆடப் போனாராம்!”

“அண்ணே,” என்றார் தங்கப்பொண்ணு, “மாட்ட விட்டீக, கம்மாயில போயித் தேடுனீக, கெடச்சிருச்சு. இத எந்தக் கம்மாயில போயித் தேடுவீக?”

தங்கப்பொண்ணு தாளை எடுத்தார். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். இந்த முறை மீட்டர் மேலே ஏறியது, நன்றாகவே ஏறியது. இது தூக்க மாத்திரையோடு முடிகிற விஷயமில்லை, வாராவாரம் வர வேண்டும், டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றார். பேயாண்டி தலையாட்டினார். அங்கேயே மாட்டுத் தரகருக்குப் போன் போட்டார்.

“அண்ணே, வெள்ளிக்கெழம வர வேணாம். இல்ல, விக்கல. வீட்டுல வேணாங்கிறாக.”

பழி தன் மேல் விழுந்ததை அன்னக்கொடி கண்டுகொள்ளவில்லை. போனை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் பேயாண்டி தன் மச்சானின் போனை வாங்கி ஆடிவிட்டு, திருட்டு முழியோடு வந்து நின்ற நாட்களும் உண்டு. “என்னண்ணே, கயிறு அறுந்துருச்சா?” என்பார் தங்கப்பொண்ணு. பிறகு தாளை எடுப்பார்.

தைப் பொங்கலை ஒட்டி அன்னக்கொடியின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஒரே இரைச்சல். அதற்கு நடுவே பேயாண்டியின் கத்தல்: “மேடம், விட்டேன்! எவனும் பிடிக்கல!” பின்னாலிருந்து அன்னக்கொடி: “பரிசா அண்டா குடுத்தாகல்ல, அதச் சொல்லுங்க!”

தங்கப்பொண்ணு அதைப் பஸ்ஸில் போனைக் காதோடு ஒட்டிவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பார். தனியாகச் சிரிப்பார். பக்கத்து சீட்டுப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள்.

பங்குனியில் தங்கப்பொண்ணு போய்ச் சேர்ந்தார். அவருடைய போனைப் பால்பாண்டி இன்னும் சார்ஜில்தான் வைத்திருக்கிறார், அந்தக் குரல் செய்தி அதில்தான் இருக்கிறது.