ஸ்டிக்குக்கு ஒரு பீங்கான் பலகை

வீடியோ கேமில் சண்டை போட்டுத் தோற்பவனுக்கு இந்தக் காலத்தில் எவ்வளவோ வசதிகள். நெட் மெதுவாக இருந்தது என்று சொல்லலாம். டிவி ஒரு கணம் தாமதமாகக் காட்டியது என்று சொல்லலாம். நான் படித்தவன், இப்படிச் சில்லறைக் காரணங்களோடு நின்றுவிட முடியுமா? ஆழமாக யோசித்தேன். என் தோல்விக்கெல்லாம் காரணம் கேம்பேடுதான் என்று கண்டுபிடித்தேன்.

என்னைத் தினமும் தோற்கடித்துக்கொண்டிருந்தவள் என் தங்கை. பி.எஸ்சி. இரண்டாம் வருடம். அவள் கையில் இருந்ததும் கேம்பேடுதான், அதுவும் நான் கழித்துப்போட்ட பழையது, தொடாமலே ஆளை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்பதையெல்லாம் என் ஆராய்ச்சியில் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. பெரிய ஆராய்ச்சிகளில் இப்படிச் சில தகவல்கள் விடுபடுவது சகஜம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேம்பேடு என்பது இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கி ஆடுவது. ஆர்கேட் ஸ்டிக் என்பது மடியில் வைக்கிற ஒரு கனமான பெட்டி. இடது கைக்கு உச்சியில் பந்து வைத்த ஒரு குச்சி, வலது கைக்குப் பெரிய பெரிய பொத்தான்கள். முன்பு பெரிய நகரங்களில் காசு போட்டு ஆடும் எந்திரங்களில் இருந்ததாம். அந்த எந்திரம் விருத்தாசலத்துக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் அதுதான் என் கைக்கு இயல்பானது என்று எனக்கு உள்ளுக்குள் தோன்றிவிட்டது. ஜப்பானில் பிறந்திருக்க வேண்டிய கை, தவறிப்போய் ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் பிறந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் பாண்டிச்சேரியில் இதே கேமுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். திரையில் நாம் பார்க்கிற பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை, நம்மைப் போன்றவர்கள் நேரில் உட்கார்ந்து ஆடுகிற போட்டி. அறிவிப்பு வந்த உடனே பதிவு செய்தேன். மீதி இருந்த ஒரே இடம் எனக்குக் கிடைத்தது, அதோடு பதிவு முடிந்தது. அன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த தங்கைக்கு விஷயம் தெரிந்தது.

“என்னாது, நீ போறியா?”

“ஆமா. ஏன்?”

“தெனம் என்கிட்ட உதை வாங்குற. அங்க போயி யாருகிட்ட வாங்கப் போற? இங்கயே வாங்கலாம்ல, பஸ்ஸு செலவு மிச்சம்.”

“பேடுல ஆடுனா அப்படித்தான்டீ. ஸ்டிக்கு வரட்டும், அப்புறம் பேசு.”

“சரி, வரட்டும். வந்தோன்ன ஒரு செட்டு, மூணு சுத்து, ஆடுவோம். யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க பாண்டி போவணும். சம்மதமா?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? போட்டி நடத்துபவரிடம் கேட்டேன். போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரை பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவர் மறுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ரெடிமேடாக வரும் ஸ்டிக்கின் விலையை இணையத்தில் பார்த்து அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். குச்சி, பொத்தான்கள், உள்ளே வைக்கும் சர்க்யூட் மட்டும் தனித்தனியாக வரவழைத்தேன். பெட்டியை நாமே செய்துகொள்ள வேண்டும். உலகம் முழுக்கப் பிளைவுட்டில் செய்கிறார்கள். சிலர் பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு ஆடுகிறார்கள். நான் பீங்கானுக்குப் பேர்போன ஊரில் செராமிக் டிப்ளமோ படித்தவன். பிளைவுட் என்று சொல்லவே வாய் கூசியது.

கூடப் படித்த நண்பன் ஒருவன் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பைக்கில் வந்து ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனிடம் போனேன்.

“மச்சான், பீங்கான்ல ஒரு மேல்பலகை வேணும். நடுவுல வட்ட வட்டமா துளை.”

“எதுக்குடா? கை கழுவுற வாஷ்பேசினுக்கா?”

“கேமு ஆடுறதுக்குடா. எடையா இருந்தாத்தான் ஆடும்போது நவுராது.”

அவன் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். “சரி, அளவு குடு. நம்ம சாமானோட சேத்து சூளையில ஏத்திடறேன்.”

வரைபடம் போட்டுக் கொடுத்தேன். இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. மண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். இதை முதல் செமஸ்டரிலேயே சொல்லித்தந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு துளையையும் கணக்குப் போட்டுக் கொஞ்சம் பெரிதாக வரைந்தேன். பலகையின் நீளம், அகலம் எல்லாவற்றையும்தான். பெருமையாக இருந்தது. வேறு ஊர்க்காரன் இந்த இடத்தில் கோட்டை விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பலகை காய்ந்து, வெந்து, மெருகேறி வருவதற்காகக் காத்திருந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. எந்தக் குச்சிக்கு எந்த ஸ்பிரிங், பந்து பிடி நல்லதா பேரிக்காய்ப் பிடி நல்லதா, பேடில் ஆடுகிறவர்கள் மனிதர்கள்தானா என்று இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு விவாதித்தேன். பின்னால் டிவியில் டமால் டுமீல் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தங்கை ஆடிக்கொண்டிருந்தாள். “ஒரு கேம் வர்றியா?” என்று கேட்பாள். “பேடுல ஆடிக் கையைக் கெடுத்துக்க மாட்டேன்” என்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நண்பன் பலகையை வைக்கோலில் பொதிந்து, பைக்கின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தான். வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் நீலக்கோடு போட்டு, அவ்வளவு அழகு. அம்மாவே தொட்டுப் பார்த்தாள். முதல் பொத்தானை எடுத்துத் துளையில் வைத்தேன். அது ‘டொக்’கென்று கீழே தரையில் விழுந்தது. அடுத்ததை வைத்தேன். அதுவும் விழுந்தது.

“டேய், துளை ஏன்டா இவ்ளோ பெருசா இருக்குது?”

“நீ குடுத்த அளவுதான். சுருக்கத்துக்குச் சேத்துப் போட்டேன்.”

“நானே சேத்துத்தானடா வரைஞ்சேன்!”

“நீ ஏன்டா சேத்த? எந்தக் கிறுக்கன் பட்டறைக்குச் சேத்து வரைஞ்சு குடுப்பான்? சுட்ட அளவு சொன்னா, சூளை தின்னுறத நாங்க போட்டுக்க மாட்டமா?”

அவன் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் மண் வேலைக்காரரிடம் அளவு சொன்னால், அது பொருள் கைக்கு வரும்போது இருக்க வேண்டிய அளவு. மீதியை அவர்களே கூட்டிக்கொள்வார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. இந்தத் தவற்றைச் செய்ய வேண்டுமானால் இரண்டு பேருக்கும் பீங்கான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஊரில் ஒருவன் செய்திருந்தால் பொத்தான் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்.

பைப்புக் கடையில் ரப்பர் வாஷர் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பொத்தான் நின்றது, அமுக்கியவுடன் வாஷரோடு உள்ளே போனது. பசை வைத்து ஒட்டலாம், ஆனால் அது இறுக மறுநாள் ஆகும். கல்லூரி விட்டு வந்த தங்கை எங்கள் இருவரையும், தரையில் கிடந்த பொத்தான்களையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நாளைக்கு வச்சுக்கலாமா?” என்றேன்.

“இன்னிக்கு ஆறு மணிக்குள்ள பேர் சொல்லணும்ணே.”

“அப்ப பேடுல ஆடுறேன்.”

“அதெல்லாம் வேணாம். பேடுல தோத்துட்டு, ஸ்டிக்கு மட்டும் இருந்துதுன்னா அப்படின்னு என் கல்யாணம் வரைக்கும் சொல்லுவ. ஸ்டிக்குலதான் ஆடணும்.”

பொருட்கள் வந்த கூரியர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். ஒரு பொத்தானை மேலே வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்தாள், அந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளிக் கத்தியால் வெட்டினாள். கால் மணி நேரத்தில் குச்சியும் பொத்தான்களும் அட்டையில் கெட்டியாக உட்கார்ந்துவிட்டன. சுருக்கக் கணக்கு எதுவும் போடவில்லை. நண்பன் பலகையைத் தூக்கி அட்டைப்பெட்டிக்கு அடியில் வைத்தான். “நவுராதுல்ல” என்றான். நவுரவில்லை.

ஆடினோம். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்டிக்கைப் பிடித்தேன். கீழிருந்து முன்னால் உருட்டிப் பொத்தானை அமுக்கினால் என் வீரன் கையிலிருந்து நெருப்பு கிளம்ப வேண்டும். உருட்டினேன். அவன் குதித்தான். மறுபடி உருட்டினேன். மறுபடி குதித்தான். எதிரே தங்கை ஆட்டிவைத்த வீராங்கனை உதைத்துக்கொண்டிருக்க, அவன் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டே செத்தான். அம்மா, “ஏன்டா அவன் இப்படிக் குதிக்குறான், கால்ல முள்ளு குத்திடுச்சா?” என்றாள்.

தங்கை திரும்பினாள். என் புது பேடை எடுத்து என் மடியில் போட்டாள்.

“இப்ப இதுல ஒரு செட்டு. இதுல ஜெயிச்சாக் கூட நீயே போ.”

அப்படி அவள் விட்டுக்கொடுத்ததுதான் சுருக்கென்று தைத்தது. இந்த முறை வாயைத் திறக்காமல் ஆடினேன். நெருப்பு வந்தது. ஒரு சுற்று ஜெயித்தேன். நண்பன் தொடையைத் தட்டினான். அடுத்த சுற்றில் நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் நெருப்பு விடுவதற்காகக் குனியும்போதே அவள் தாண்டி வந்து நின்றாள். கடைசிச் சுற்று அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. எந்தப் பக்கம் தேடினாலும் காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

போனை எடுத்துப் போட்டி நடத்துபவருக்குப் பெயர் மாற்றம், எனக்குப் பதில் என் தங்கை என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது. ‘ஓகே ப்ரோ. அவங்க பேடா, ஸ்டிக்கா?’

“ஏய், பேடா ஸ்டிக்கான்னு கேக்குறாரு.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எதா இருந்தா என்னாண்ணே? மணி ஆறாவப் போவுது, மொதல்ல பேர அனுப்பு” என்றாள்.

அவள் முழுப் பெயரையும், இனிஷியலோடு, எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து அனுப்பினேன்.