புகைப் பணத்துக்கு ஓர் ஓட்டெடுப்பு

மலேசியாவின் செனாயில், தாமான் எனப்படும் எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்துக்குள் சிகரெட் பிடித்தால் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், அபராதம். அதைப் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுவிட வேண்டும். அந்த டின்னை வளர்த்ததில் பெரும் பங்கு என் வீட்டுக்காரருடையது. மனுஷன் கேரம் ஆட உட்கார்ந்தால் கை தானாகப் பற்ற வைக்கும்.

டின் நிறைந்ததும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்றார்கள். மூச்சிழுப்புக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மெஷின் வாங்கி மண்டபத்தில் வைப்பதா, கரோக்கே செட் வாங்குவதா? எனக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால், தொழிற்பேட்டை லாரி நெரிசலில் கிளினிக் போய்ச் சேருவதற்குள் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். சொந்தமாக வாங்கலாமே என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுப் பணம்தான் முன்பே டின்னுக்குள் போய்விட்டதே!

புகைப்பவர்கள் அத்தனை பேரும் கரோக்கே கட்சி. "நாங்க கட்டின காசு லா, நாங்கதான் பாடணும்" என்று ஒரே கூச்சல். இவர் மட்டும் எனக்காகக் கை தூக்குவதாகச் சாமி படத்தின் முன் சத்தியம் செய்திருந்தார்.

கூட்டத்தில் ஆண்டறிக்கையை இழுத்து இழுத்து வாசித்தார்கள். திரும்பிப் பார்த்தால் இவர் நாற்காலி காலி. ஆள் வெளியே மரத்தடியில் ஊதிக்கொண்டிருக்கிறார்! அந்த நேரம் பார்த்துத் தலைவர், "நெபுலைசருக்குக் கை தூக்குங்க" என்றார். வந்ததே எனக்குக் கோபம். தோற்றால் இவருக்கு இன்று சோறு கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.

கரோக்கேவுக்கு ஒரு கைகூட எழவில்லை. அந்தக் கட்சி மொத்தமும் இவரோடு மரத்தடியில் நின்றது.

"அலமாக், அதுக்குள்ளயா?" என்று ஓடி வந்தவர்களிடம் தலைவர் சொன்னார்: "உள்ளயே பிடிச்சிருந்தா ஓட்டும் இருந்திருக்கும், டின்னுக்கும் காசு வந்திருக்கும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இவரைக் காய்ச்சி எடுத்தேன். "சத்தியம் என்னங்க ஆச்சு?"

"நான் கை தூக்கினா ஒரு ஓட்டுதான். அதான் ஆளுக்கு ஒரு சிகரெட் குடுத்து எல்லாரையும் வெளிய இழுத்துட்டுப் போனேன்."

பச்சைப் பொய் என்றே நினைத்தேன். ஆனால் இவர் சிகரெட் பாக்கெட் காலியாக இருந்தது உண்மை.

மெஷின் வந்த மாதமே எனக்கு மூச்சு இழுத்தது. இவர்தான் மண்டபத்துக்கு ஓடிப் போய் எடுத்து வந்து, வியர்த்து வழிய மாஸ்க்கை மாட்டிவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. மூச்சு கொஞ்சம் சீரானதும் பக்கத்தில் குனிந்தார். சட்டையெல்லாம் சிகரெட் வாடை.

"அன்னிக்கு நான் பிடிக்கலன்னா, உனக்கு இது கிடைச்சிருக்குமா?"

பதில் என்னிடம் நிறையவே இருந்தது. வாயில்தான் மாஸ்க்.