தம்பி சொல்லிக் கொடுத்த பதில்

வீட்டில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தைதான் பதில், அதுவும் யோசித்துத்தான் வரும். மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்கு அந்த வாய் போதுமானதாக இருந்தது. முப்பது தாண்டிய பிறகு ஒருநாள், மருந்தாளுநர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகவும் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

தம்பி பொறுப்பை ஏற்றுக்கொண்டான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்பவன். மணலைக் கயிறாகத் திரிக்கிற வாய்.

"ஏன் இந்தப் படிப்புன்னு கேட்பாங்க. சின்ன வயசுலேருந்தே மனுஷங்க வலியைப் போக்கணும்னு ஒரு வெறின்னு சொல்லு."

"அப்படியெல்லாம் இல்லயேடா."

"இருக்கிறதச் சொன்னா எவன் சீட்டு தருவான்? நீ ஒப்பிச்சாப் போதும்க்கா."

ஒரு வாரம் ஒப்பித்தாள். துணி துவைக்கும்போதுகூட உதடு அசைந்தது.

நேர்காணல் அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட பேராசிரியை. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க, காகிதங்கள்மேல் தண்ணீர்க் குவளையை வைத்திருந்தார்கள். முதல் கேள்வி தம்பி சொன்னதேதான். அவளும் குவளையைப் பார்த்தபடி மடமடவென்று சொல்லி முடித்தாள்.

"நல்லா இருந்துச்சு," என்றார் பேராசிரியை. "யார் எழுதிக் குடுத்தது?"

"தம்பி."

ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"சரி, தம்பி பதில் ஆச்சு. உங்க பதில்?"

அவள் யோசித்தாள். அவர்கள் காத்திருந்தார்கள்.

"எங்க கடையில மருந்து எடுத்துக் குடுக்கிறவர் ஒருத்தர்தாங்க. அவர் லீவு போட்டா ஷட்டரைப் பாதி இறக்கிடுவாங்க. வர்றவங்களைத் திருப்பி அனுப்புறதுதான் அன்னிக்கு என் வேலை. எரிச்சலா இருக்கும். நானே படிச்சுட்டா என்னன்னு தோணுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "சம்பளமும் கூட வரும்," என்றாள்.

பேராசிரியை விண்ணப்பத்தைப் புரட்டினார். "பிளஸ் டூ வேதியியல்ல ரெண்டு தடவை ஃபெயிலா?"

"ஆமாங்க."

"மூணாவது தடவை எப்படிப் பாஸ் பண்ணீங்க?"

"கேள்வி சுலபமா வந்துச்சு."

இப்போது மூவருமே சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேள்வி சுலபம்தான்.

வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "கெடுத்துட்டியேக்கா!" அவள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை, இரண்டாவதில் இருந்தது. யாராவது விலகி இடம் காலியானதோ, அவள் பதில்தான் பிடித்துப்போனதோ, தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. சொந்தக்காரர்களிடம் தம்பி, "எல்லாம் நான் குடுத்த ட்ரெயினிங்" என்று சொல்லிக்கொள்கிறான். அவள் மறுப்பதில்லை.

கல்லூரியிலும் வேதியியல் ஒருமுறை காலை வாரியது. திரும்ப எழுதித் தேறினாள். இப்போது ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பகல் ஷிப்ட். மதியம் கூட்டம் குறைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டிக்கொள்கிறாள்.