சீலுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

படகு கூழாங்கல்லில் உரசும் சத்தம் கேட்டால் போதும், எத்தினா அடுப்பில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கெண்டியோடு கரைக்கு இறங்கிவிடுவாள். கெண்டியில் அன்றைக்கு ஓடையில் மொண்ட தண்ணீர். வேட்டையில் செத்துப் படகில் கிடக்கும் சீலின், அந்தக் கடல்நாயின், மீசையை விலக்கி, அதன் வாயில் ஊற்றுவாள்.

"குடிச்சுக்கோ தாயி. உப்புலயே கெடந்து நாக்கு வறண்டிருக்கும். போயி உன் சனங்ககிட்ட சொல்லு, இங்க நல்லாக் கவனிச்சாங்கன்னு."

அது போய்ச் சொன்னால்தான் அடுத்த சீல் வேட்டைக்கு வரும். பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி தள்ளுகிற ஐம்பத்தெட்டு வயதுக்காரி அவள். தொலைக்காட்சித் தொடர் பார்த்து மூக்கைச் சிந்துவாள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பமாட்டாள்.

அவள் முழங்கால் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில்தான் அது நடந்தது. மருமகன் ரிந்தின் ஒரு சீலோடு வந்திருக்கிறான். அதற்குப் பிறகு மூன்று வாரமாய்ப் படகு வெறும் படகாகவே திரும்புகிறது. குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்து வைக்கும் குழி பாதிகூட நிரம்பவில்லை.

"வடக்குக் காத்து அத்தை, அதான்."

"காத்து கெடக்கட்டும். அன்னிக்கு என்னத்த ஊத்துன?"

"தண்ணிதான். கடையில வாங்குனது, ஒசத்தி பாட்டில்."

படகில் உருண்டு கிடந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள், துப்பினாள். வயிற்றுக்கு நல்லதென்று விற்கிற உவர்ப்புத் தண்ணீர்.

"கடல்லேர்ந்து வந்தவளுக்கு உப்புத் தண்ணியா குடுத்த, பாவி!"

ஜலசந்திக்கு அப்பால் அமெரிக்கத் தீவில் இருக்கும் சித்தி மகள் பானானாவிடம் போனில் சொல்லி அழுதாள்.

"எங்க தாத்தா பனிய வாயில உருக்கி ஊத்துவாருக்கா. இங்கேர்ந்து கிழக்க கிரீன்லாந்து வரைக்கும் நல்ல தண்ணிதானாம். உன் மருமவன்தான் புதுசா ஆரம்பிச்சிருக்கான்."

எத்தினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

இன்று காலை கரையோரம் மெல்லிய பனி கட்டத் தொடங்கிவிட்டது. இந்த வருஷத்தின் கடைசிப் பயணம் இதுதான். ரிந்தின் படகைத் தள்ளி ஏறியதும், எத்தினா ஓடைத் தண்ணீர்க் கெண்டியோடு கடலுக்குள் இறங்கினாள். வீங்கிய முழங்கால் நனைந்தது.

"அத்தை, கால்!"

"நீ சும்மா இரு." பிறகு குனிந்து, தண்ணீரிடம் சொன்னாள்: "அன்னிக்கு வந்தவளே, தெரியாமப் பண்ணிட்டான். இந்தா."

ரிந்தின் இயந்திரத்தின் கயிற்றைப் பிடித்தபடி, இழுக்காமல் காத்திருந்தான். அவள் கெண்டியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.