லோரியின் பின்னால் அக்காவின் முகம்

பெரியப்பாவின் லோரியைக் காப்பார் ஊரில் தெரியாதவர்கள் குறைவு. முன்கண்ணாடிக்கு மேலே வேல், பக்கப் பலகைகளில் தோகை விரித்த மயில்கள், பின்பலகை முழுக்கத் தாமரைகள். எல்லாம் கிள்ளானில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவர் வரைந்தவை. செம்பனைக் குலை ஏற்றும் வண்டிக்கு இவ்வளவு அலங்காரமா என்று அப்பா கேலி செய்வார். “மொட்டையா இருந்தா ஓட்ட மனசு வராது லா” என்பார் பெரியப்பா.

அவருடைய ஒரே மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் யாரையோ விரும்புகிறாள் என்று தெரிந்த அன்று பெரியப்பா அவளை அடித்தார். மறுநாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. வயது வந்த பெண், தானாகப் போயிருக்கிறாள் என்று போலீசில் கையை விரித்துவிட்டார்கள்.

பின்பலகைத் தாமரைகளை அழித்து அங்கே அக்காவின் முகத்தை வரையும்படி பெரியப்பா அந்தக் கிள்ளான்காரரிடம் சொன்னார். கீழே, ‘மகளைக் காணவில்லை’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, தன் தொலைபேசி எண்ணையும் போடவைத்தார். அம்மன் முகங்களையே வரைந்து பழகிய கை அது. அக்காவின் கண்களும் அம்மன் கண்களாக நீண்டுவிட்டன. நெற்றித் தழும்பு மட்டும் அவளுடையது. அந்த முகத்தைச் சுமந்துகொண்டு பல வருடங்கள் அவர் ஓட்டினார். யாராவது பார்த்ததாகச் சொன்னால் ஈப்போ, ஜொகூர் என்று ஓடிப்போய் வெறுங்கையோடு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வசிக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது. ஈரக் கை என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அப்பா, நான் தொலைஞ்சு போகல. வீட்ட விட்டு வந்தேன். ஆபீஸ்ல ஒருத்தி போன்ல அந்தப் படத்தக் காட்டி, இது நீதானேன்னு கேக்குறா. தயவுசெஞ்சு அழிச்சிடுங்கப்பா.”

“எங்கம்மா இருக்க?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைக்கத் திரையில் எண் விழவில்லை.

தேடுகிறோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கு அது துரத்தலாக இருந்திருக்கிறது. பலகை காயும்வரைகூடப் பொறுக்காமல், லோரிக்கு அடித்து மிச்சமிருந்த நீலச் சாயத்தைப் பெரியப்பா தானே அந்த முகத்தின்மேல் அள்ளிப் பூசினார். அது வழிந்து தரையில் சொட்டியது.

அதற்குப் பிறகு அக்கா அழைக்கவேயில்லை. போன மாதம் அவரோடு ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். இன்னொரு லோரி ஓட்டுநர் அருகில் வந்தார்.

“அண்ணே, பின்னால படத்தக் காணோமே. மக கிடைச்சிட்டாளா?”

பெரியப்பா தலையாட்டினார். “கிடைச்சிட்டா.”

அந்த மனிதர் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு கடைக்காரரிடம் உரக்கச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்தார்கள்.

“பேரப்பிள்ளைங்க இருக்கா?” என்று ஒருவர் கேட்டார்.

“ரெண்டு” என்றார் பெரியப்பா.