டிரம் ஓடாத வெள்ளிக்கிழமை

“…அப்ப டிரம்மு மேல குத்தமே இல்ல, எல்லாம் பூமி பண்ண வேலைன்றீங்க. அப்படித்தான, மேஸ்திரி?”

பெரியம்மா இதைச் சத்தம் போடாமல் கேட்டாள். அவள் சத்தம் போடாமல் பேசினால் எங்கள் வீட்டுப் பூனைகூட எழுந்து வெளியே போய்விடும். பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரிக்கு அது தெரியாது. எங்கள் சுவரை அண்ணாந்து பார்த்தபடி, “ஆமாம்மா, நேத்து வந்த பூகம்பம். ஆண்டவன் செஞ்சதுக்கு முதலாளி இன்னா பண்ணுவாரு?” என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ‘இன்னா பண்ணுவாரு’வை நினைத்தால் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சுவரின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கும் ஷாப்புக்கும் நடுவில் ஒரு சந்துதான். சந்துக்கு அந்தப் பக்கம், தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம், ஆள் உயரத்துக்கு மேல். அது சுற்ற ஆரம்பித்தால் எங்கள் பரணிலிருக்கும் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக எழும்பும். நாங்கள் பிறந்ததிலிருந்து தரை என்றாலே அப்படித்தான். வெளியூர் விருந்தாளி திடுக்கிட்டு எழுந்தால் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சிரிக்காதவள் பெரியம்மா ஒருத்திதான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில், உத்திரம் வந்து உட்காரும் இடத்திலிருந்து ஒரு விரிசல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏரி மண்ணைக் குழைத்து அடைப்பாள், டிரம் உதிர்த்துவிடும். செம்மண்ணால் அடைப்பாள்; அதுவும் உதிரும். அவள் மகள், எங்கள் அக்கா, பிரசவத்துக்கு வந்து குழந்தை பிறந்த பிறகு பெரியம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது. குழந்தையின் தூளி அந்த உத்திரத்தில்தான் தொங்கியது. வீட்டில் வேறு உத்திரம் கிடையாது. டிரம்மைத் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் சுவரையாவது கட்டிக்கொடுங்கள் என்று ஷாப்புக்கு நடையாய் நடந்தாள். முதலாளி ஊரில் இல்லை என்பார்கள். ஊரில் இருந்தால், உங்கள் சுவர் பழசு என்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் பூமி ஆடியது. நான் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாத்திரங்கள் கிணுகிணுத்தன. தூளி நான் ஆட்டாத பக்கமாக ஆடியது. பெரியப்பா ரசத்துக்குக் கையைக் குழித்தபடியே, “டிரம்மு போட்டுட்டான்” என்றார். அவ்வளவுதான், எல்லோரும் சாப்பிட்டோம். பிறகுதான் கேள்விப்பட்டோம்: பஜார் பக்கம் ஜனங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஓர் ஆள் பயந்து வாசலைத் தாண்டவில்லை. பூமியே ஆடினாலும் உட்கார்ந்து சோறு தின்ன எங்களைப் பழக்கி வைத்தது யார்? அப்போது எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பெரியம்மா மட்டும் எழுந்தாள். பயத்தில் அல்ல, கோபத்தில். லீவு நாளில்கூட ஓட்டுவார்களா, பச்சைக் குழந்தை நிம்மதியாகத் தூங்க ஒரு நாள் கிடையாதா என்று எச்சில் கையோடு சந்துக்கு அந்தப் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கேட் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் செருப்புகூட இல்லாமல் ரோட்டில் நின்று, பூகம்பம், யாரும் வீட்டுக்குள் இருக்காதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தான். டிரம்மைச் சுற்றவைக்கும் பெல்ட் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தது கம்பி வழியாகவே தெரிந்தது.

பெரியம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள். பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. விரிசலிலிருந்து உதிர்ந்த மண் அதன் நெற்றியில் திருநீறு மாதிரி கிடந்தது.

மறுநாள் மேஸ்திரி கூப்பிடாமலே வந்தார். பெரியம்மா நடந்து நடந்து கால் தேய்ந்தபோது எட்டிப் பார்க்காத மனுஷர், அன்றைக்கு வீடு வீடாகப் புகுந்து அனுதாபம் சொன்னார். எங்கள் தெருவின் அத்தனை வருஷத்து விரிசலும் ஒரே மத்தியானத்தில் பூகம்பத்தின் தலையில் ஏறிவிட்டது. பெரியம்மா சுவர் விரிசலுக்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினாள். விரல் முழுக்க அடுப்புக் கரி. நேற்று விழுந்த விரிசலுக்குள் இத்தனை வருஷத்துப் புகை எப்படிப் போனது என்று கேட்டாள். அவர் விரலைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் அவள் குரலைத் தாழ்த்தி, நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவரும் ஆண்டவனைச் சாட்சிக்கு இழுத்தார்.

“அப்ப சரி” என்றாள் பெரியம்மா. “டிரம்மால ஒண்ணும் ஆடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பூகம்பம் இன்னொரு வாட்டி வந்தா எங்க சுவரு நிக்காது. உங்க ஷாப்பு கட்டடம் கெட்டிதான?”

கெட்டிதான் என்று மேஸ்திரி பெருமையாகத் தலையாட்டினார். பெரியம்மா தோற்றுவிட்டாள், இந்த ஆள் சொன்னதை நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் தூளியை அவிழ்த்துத் தோளில் போட்டாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, அக்காவையும் வரச் சொல்லி, சந்தைத் தாண்டி ஷாப்புக்குள் நுழைந்தாள். டிரம்முக்குப் பக்கத்து உத்திரத்தில் அந்தத் தூளிப் புடவையை வீசி முடிச்சுப் போட்டாள். குழந்தையைக் கிடத்தி ஆட்டினாள். பெல்ட்டை மாட்ட வந்த ஆளைப் பார்த்து, கரி படிந்த அந்த விரலை உதட்டின் மேல் வைத்தாள்.